நின்றால் போகிற வலி

நின்றால் போய்விடுகிற வலியை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் வலி என்று ஒத்துக்கொள்வதில்லை. காய்ச்சல் என்றால் உடம்பு சுட வேண்டும், அடி என்றால் ரத்தம் வர வேண்டும். அக்கா கொழுந்துக் கூடையோடு மேடு ஏறும்போது வலது கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும். கொஞ்சம் நின்றால் விட்டுவிடும். மறுபடி ஏறினால் மறுபடி பிடிக்கும். நின்றதும் போகிறதென்றால் அது சோம்பேறித்தனம், அவ்வளவுதான்.

இந்தத் தீர்ப்பைச் சொன்ன மகா மேதை அவள் புருஷன், என் மச்சான். அந்த மலைக்குக் கங்காணியும் அவரே. கையில் தடி, வாயில் சிகரெட், தலைக்குள்ளே மட்டும் ஒன்றும் கிடையாது. பொண்டாட்டிக்குச் சலுகை காட்டுகிறார் என்று எவனாவது சொல்லிவிடுவானோ என்று பயம். அதனால் காலையில் பெரட்டுக்கு ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும்போது அவளைத்தான் செங்குத்தான மேட்டுக்கு அனுப்புவார்.

"ஏறி ஏறித்தான் காலு சரியாகும். நின்னீன்னா அரைப் பேருதான்" என்பார். அரைநாள் சம்பளம்தான் கிடைக்கும் என்று அர்த்தம். கட்டினவளிடம் இப்படிப் பேசுவதற்குப் பெயர் நேர்மையாம். தூ!

அக்காவுக்குச் சீனி வியாதி வேறு. லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்கள் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவிவிட்டார்கள். அப்புறம் அந்தக் கால் பெருவிரலில் அட்டை கடித்த இடம் புண்ணாகி ஆறவே இல்லை. மச்சான் அதில் மஞ்சளை அப்பி மறுநாளும் மலைக்கு விரட்டினார். நான் பதுளை டவுனில் ஒரு கடையில் வேலை செய்கிறவன். விரல் கறுத்த பிறகுதான் எனக்குச் செய்தி வந்தது. அடித்துப் பிடித்து ஓடி, அவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன். மச்சானும் தொற்றிக்கொண்டு வந்தார்.

டாக்டரம்மா பாதத்தில் விரல் வைத்து நாடி தேடினார். இல்லை. முழங்காலுக்குப் பின்னால் தேடினார். அங்கேயும் இல்லை. தொடை இடுக்கில் ஏதோ லேசாகத் தட்டுப்பட்டது. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார்.

"தொடை இடுக்குல ரத்தக்குழாய் ரெண்டாப் பிரியுதுங்க. நேரா ஓடுற எடத்துல ரத்தம் ஒழுங்கா ஓடும், சுவரும் நல்லாருக்கும். பிரியுற எடத்துல ஒரு பக்கச் சுவரோரமா வேகம் கொறஞ்சு சுழிக்கும். அங்கதான் கொழுப்பு சுவருக்குள்ள போய்ப் படியும்."

"அப்படிப் பிரியிறது எல்லாருக்கும் இருக்குதானே?" என்று கேட்டேன்.

"இருக்கு. எல்லாருக்கும் இந்த மாதிரி எடத்துலதான் மொதல்ல ஆரம்பிக்குது. கழுத்துலயும் நெஞ்சுலயும் இதே கததான். சீனியும் சிகரெட்டும் சேர்ந்தா சீக்கிரம் அடைச்சுடும்."

"அவ சிகரெட்டே குடிக்கிறதில்லீங்களே" என்றார் மச்சான், ஏதோ பெரிய பாயின்டைப் பிடித்துவிட்டவர் மாதிரி. ஐயோ, அந்த மூஞ்சியைப் பார்க்கணுமே! டாக்டரம்மா அவருடைய சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்தார். "ஒத்த ரூமு காம்பராவுக்குள்ள நீங்க குடிக்கிறத அவங்களும்தான இழுக்குறாங்க" என்றார்.

பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "மேடு ஏறுறப்ப வலிச்சு, நின்னா விட்டுருமாம்மா?"

"ஆமாங்க."

"அதுதாம்மா இந்த நோய்க்கு அடையாளமே. சும்மா நிக்கிற காலுக்கு வர்ற ரத்தம் போதும். ஏறுற காலுக்குப் பத்தாது."

அக்கா அழுதுவிட்டாள். பொய் சொல்லவில்லை என்று ஒருத்தர் வாயால் கேட்க அவளுக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. அந்த வாய் கட்டினவனுடையதும் இல்லை.

விரலோடு நிற்காமல் அழுகல் மேலே ஏறியிருந்தது. அடைப்பை எடுத்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டும், இன்றைக்கே எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டரம்மா.

மச்சான் தொண்டையைச் செருமினார். "கோயில்ல பூக்கட்டிப் பாத்துட்டு நாளைக்கு வந்து சொல்றேங்க." வெள்ளைப் பூ வந்தால் வெட்டலாமாம், சிவப்புப் பூ வந்தால் வேண்டாமாம். அந்த மேட்டுக்கு அவளை அனுப்பிய ஒரு நாளாவது இந்த மனுஷன் பூப் போட்டுப் பார்த்ததுண்டா?

"பேனா குடுங்க டாக்டர். நான் போடுறேன் கையெழுத்து" என்றாள் அக்கா.

"நான் இருக்கப்ப நீ என்னாடி முந்திக்கிட்டு?"

"நீங்க இருந்துதான் இப்படி ஆயிருச்சு."

கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கே காலை எடுத்தார்கள். உயிர் பிழைத்தாள்.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி அவளை வீட்டுக்கு அனுப்பிய அன்று மச்சான் வாசலில் ஆட்டோவோடு நின்றார். சட்டையெல்லாம் மடிப்புக் கலையாமல், பெரிய தியாகி மாதிரி. அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடி என் கையைப் பிடித்தாள்.

"தம்பி, ஒன் வீட்டுல எனக்கு எடம் இருக்கா?"