குளத்துக்கு முதுகு காட்டி

எங்கள் ஊரில் திசைக்குப் பெயர் கிடையாது. கடல் பக்கம், வயல் பக்கம், அவ்வளவுதான். கடல் பக்கத்து அலுமாரியில் சீனிப் போத்தல் இருப்பதாக உம்மா குசினியிலிருந்து சொன்னால் கை தானாக அங்கே போய்விடும். தொழுவதற்கும் அதே கணக்கு. கடலுக்கு முதுகு காட்டி நின்றால் மக்காத் திசையான கிப்லா முன்னால் இருக்கும். கல்முனையில் பிறந்தவன் கிழக்கைத் தேடுவதில்லை, அது எந்நேரமும் இரைந்துகொண்டே இருக்கும். இதை முதலில் சொல்லாவிட்டால், படித்த மூன்று பேர் பட்டப்பகலில் எப்படித் தொலைந்தார்கள் என்று உங்களுக்கு விளங்காது. எனக்கே இன்னும் முழுதாக விளங்கவில்லை.

சைக்கிளில் மலைப்பக்கம் போவோம் என்று சொன்னவன் மாப்பிள்ளைதான். அன்று பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பிறகு பொத்துவிலிலிருந்து பெண் வீட்டார் அவனைப் பார்க்க வர இருந்தார்கள், அதனால் ஒரு கிழமையாக எங்களுக்கு அவன் மாப்பிள்ளை. ஒலுவிலில் பல்கலைக்கழகம் படிக்கும் காலத்திலேயே அந்தப் பெண்ணை அவனுக்குத் தெரியும். அவளுடைய வாப்பா பல தரம் மறுத்துவிட்டு, கடைசியில் ஒருமுறை வந்து பார்க்கிறேன் என்ற அளவுக்கு இறங்கியிருந்தார். அவர் வரும்போது பையன் வீட்டில் இல்லை என்றால் இன்னொரு முறை வரமாட்டார். எங்கள் மூவருக்கும் இது நன்றாகத் தெரியும்.

தெரிந்தும் ஏன் போனோம்? வீட்டில் அவனை நிற்க விடவில்லை. அவனுடைய உம்மா வட்டிலப்பத்துக்கு முட்டை அடித்தார், ராத்தாமார் கதிரைகளை முற்றத்தில் போட்டுக் கழுவினார்கள், எங்கே நின்றாலும் அவன் இடைஞ்சல். விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் செருப்பைத் தேடும்போதே சொன்னான்:

"இஞ்ச இருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும் மச்சான். பின்னேரம் அஸருக்கு முந்தி வந்துருவம்."

மூன்றாவது ஆளை நாங்கள் மௌலவி என்போம். அரபுக் கல்லூரியில் கொஞ்சக் காலம் ஓதிவிட்டு இடையில் நின்று, இப்போது கைப்பேசி திருத்தும் கடை வைத்திருக்கிறான். அவனும் கடையைப் பூட்டிவிட்டு வந்தான்.

சம்மாந்துறை, அம்பாறை தாண்டும் வரை ஒரு பிரச்சினையும் இல்லை. இரண்டு பக்கமும் வயல், சைக்கிள் தன் பாட்டில் ஓடியது. அதற்கப்பால் நிலம் எழும்பத் தொடங்கியது. எங்களுக்குத் தெரிந்த ஏற்றமெல்லாம் பாலங்கள்தான், பாலம் ஏறினால் உடனே இறங்கும். இந்தப் பாதை ஏறி முடிந்தது என்று நினைக்கும் இடத்தில் வளைந்து மறுபடி ஏறியது. கியரைப் பற்றி இணையத்தில் இருந்த அத்தனை காணொளியும் பார்த்துவிட்டுப் போனவன் நான். வழி நெடுக இருவருக்கும் வகுப்பு எடுத்தேன். முதல் பெரிய ஏற்றத்தில் என்னுடைய சங்கிலிதான் கழன்றது. மௌலவி தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்போது, உருட்டுவதற்கு எத்தனையாம் கியர் என்று மிகவும் பணிவாகக் கேட்டான்.

ஒரு குன்றைச் சுற்றிக்கொண்டு தார் வீதிக்கே திரும்பிவிடும் என்று நாங்கள் நம்பிய மண்பாதை, திரும்பவில்லை. அது இரண்டாகப் பிரிந்தது. வானம் முழுக்க மூட்டம், நிழல் எந்தப் பக்கமும் விழவில்லை. நடுப்பகல் தொழுகையான ளுஹரின் நேரம் போய்க்கொண்டிருந்தது. தொழுதுவிட்டு யோசிப்போம் என்று மௌலவி சொன்னான். ஒரு ஓடையில் கைகால் கழுவி உளூச் செய்துவிட்டு கிப்லா பார்க்கக் கைப்பேசிகளை எடுத்தோம். மூன்றும் மூன்று பக்கம் காட்டின. உறையில் காந்தம் இருக்கும், கழற்றுங்கள் என்று மௌலவி தொழில்காரன் குரலில் சொன்னான். கழற்றினோம். இப்போது இரண்டு ஒரு பக்கமும் ஒன்று எதிர்ப்பக்கமும் காட்டின. எதிர்ப்பக்கம் காட்டியது அவனுடையது. வரைபடம் பார்க்க சிக்னல் இல்லை.

அப்போதுதான் மாப்பிள்ளை மரங்களுக்கிடையில் கையை நீட்டினான். தூரத்தில், கீழே, பெரிய தண்ணீர் வெளுத்துக் கிடந்தது.

"அந்தா தண்ணி. அப்ப கிப்லா இஞ்சால."

ஒருவரும் சிரிக்கவில்லை. அது குளம் என்று எங்களுக்குத் தெரியும். கடலை விட்டு அரை நாள் மிதித்து வந்திருந்தோம். ஆனால் அத்தனை பெரிய தண்ணீரைக் கண்டதும் தோள்கள் தாமாகத் திரும்பிவிட்டன. மௌலவி முன்னால் நின்றான், குளத்துக்கு முதுகு காட்டி, பயணக்காரர்களுக்கு உள்ள சலுகைப்படி ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதோம். தொழுகை முடிந்ததும் யாரும் யாரையும் கேட்கவில்லை, தண்ணீர்ப் பக்கம் இறங்கும் பாதையைப் பிடித்தோம். தண்ணீர் இருக்கும் பக்கம்தானே வீடு.

அந்தப் பாதை இறங்கியது, ஏறியது, திரும்ப இறங்கியது. குளம் தெரிந்து தெரிந்து மறைந்தது. கரைக்கு வந்து சேர்ந்தபோது பாதை தண்ணீருக்குள் போய் முடிந்தது. கவிழ்த்த தோணிகளும் காய்கிற வலையும், மீன் ஏற்றும் ஒரு சின்ன லொறியும் அங்கே இருந்தன. நாங்கள் சைக்கிளை விட்டு இறங்கவும் மூட்டம் கிழிந்தது. சூரியன் தண்ணீருக்கு மேலே, கிட்டத்தில், சிவந்து நின்றது.

தண்ணீருக்கு மேல் சூரியன் சிவந்து நின்றால் எங்களுக்கு அது காலை. வேறு மாதிரி நாங்கள் கண்டதில்லை. ஒரு கணம் என் தலைக்குள் எல்லாம் குழம்பிவிட்டது. இரவு எங்கே போனது, பெண் வீட்டார் வந்து போய்விட்டார்களா என்றெல்லாம் ஓடியது. மாப்பிள்ளையின் கையில் கைப்பேசி இருந்தது, அதில் மணியும் இருந்தது. இருந்தும் என்னைப் பார்த்துக் கேட்டான்:

"மச்சான், இப்ப காலையா, பின்னேரமா?"

நான் சூரியனையே திரும்பப் பார்த்தேன். உண்மையில் எனக்குத் தெரியவில்லை.

சிக்னல் வந்தது. அவனுடைய உம்மாவின் தவறிய அழைப்புகள் வரிசையாக விழுந்தன. அவன் எடுத்துப் பேசினான், எங்கே என்று கேட்டிருப்பார். குளத்தடியில் என்றான். எந்தக் குளம் என்று கேட்டிருப்பார். தெரியாது என்றான். பிறகு நெடுநேரம் கைப்பேசியைக் காதில் வைத்தபடி நின்றான், மறுமுனை எப்போதோ துண்டித்திருந்தது. அவன் முகத்தைப் பார்க்க எனக்கு மனமில்லை. லொறிக்காரர் சம்மாந்துறை ஆள், மீனைக் கல்முனைச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர். கடல் எந்தப் பக்கம் என்று மௌலவி கேட்டதற்கு, குளத்துக்கு நேர் எதிரே, நாங்கள் இறங்கி வந்த மலையைக் காட்டினார். மாப்பிள்ளையை முன்னால் ஏற்றிக்கொண்டார். நாங்கள் பின்னால், ஐஸ் பெட்டிகளின் மேல், சைக்கிள்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தோம்.

நாங்கள் வந்து சேரும்போது இராத்தொழுகை இஷாவுக்குப் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. வாசலில் பொத்துவில் வேன் நின்றது. அவன் பின்கதவால் போய் முகம் கழுவி, சாரம் மாற்றி, குளத்து மீன் வாசனையோடு வீட்டின் முன்மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்தான். பெண்ணின் வாப்பா வட்டிலப்பத்தைத் தொட்டிருக்கவில்லை. ஏன் சுணக்கம் என்று அவர் கேட்கவில்லை. இங்கே பெரியவர்கள் பயணம் போய் வந்தவனிடம் முதலில் கேட்பதைத்தான் கேட்டார்.

"தொழுதீங்களா மகன்?"

ஓம் என்ற ஒரு சொல் போதும். நான் மனதுக்குள் சொல்லடா, சொல்லடா என்றேன்.

"ஓம், தொழுதம். ஆனா மக்காவுக்கு முதுகக் காட்டித்தான் தொழுதிருக்கம்."

பெண்ணின் வாப்பா கரண்டியை எடுத்தார், வைத்தார். அப்படியானால் அந்தத் தொழுகையைத் திரும்ப மீட்டித் தொழ வேண்டும் என்றார். மௌலவியால் சும்மா இருக்க முடியவில்லை. திசையைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் தொழுதோம், மீட்டத் தேவையில்லை என்றான். மாப்பிள்ளையின் வாப்பா மௌலவி பக்கம் சேர்ந்தார். பெண்ணின் மாமா ஒருவரும், எதிர்பாராமல், எங்கள் பக்கம் வந்துவிட்டார். அவருடைய சொந்தத் தம்பி அவரை மடக்கினார். குரல்கள் ஏறின. வட்டிலப்பம் முடிந்து தேத்தண்ணீர் வந்தது. மாப்பிள்ளைக்கு என்ன தொழில், என்ன சம்பளம், ஏன் சுணங்கினான், ஒன்றையும் ஒருவரும் கேட்கவில்லை. அவன் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

எழும்பும்போது பெண்ணின் வாப்பா சொன்னார்:

"வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நம்முட பள்ளிக்கு வாங்க. அங்க ஓதிக்குடுக்கிற ஹஸரத்திட்டயே கேப்பம். பகல் சாப்பாடு நம்முட ஊட்ட."

வேன் போய்விட்டது. இது ஓமா இல்லையா என்று மாப்பிள்ளை எங்கள் இருவரையும் மாறி மாறிக் கேட்டான். தெரியாது என்றோம். உள்ளே அவனுடைய உம்மா அழுதுகொண்டே சிரித்தார், மாப்பிள்ளையைப் பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டுப் பெண் இல்லை என்று சொல்லும் வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டார். அவர் சொன்னதுதான் சரியாக வந்தது. அந்த மனிதரின் மனதை மாற்றியது அந்தப் பதிலா, அந்த வாக்குவாதமா, அவர் முன்பே முடிவெடுத்துக்கொண்டு வந்தாரா என்று மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியாது.

நாங்கள் கிளம்பும்போது மாப்பிள்ளை முற்றத்தில் பாயை விரித்தான். எதற்கும் மீட்டித் தொழுதுவிடுகிறேன் என்றான். கடல் அவன் முதுகுப் பக்கம் இரைந்துகொண்டுதான் இருந்தது. இருந்தும், தொழுகையைத் தொடங்கித் தக்பீர் கட்டுவதற்கு முன் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.