யாகப்புவின் சிவப்புப் பஸ்

ஊர்காவற்றுறை யாகப்பு படம் அச்சடிக்கிறவர். யப்பானில் பதினொரு வருடம் மீன் பதனிடும் ஆலையில் வேலை செய்தபோது, பக்கத்து வீட்டுக் கிழவரிடம் மரப்பலகை செதுக்கி அச்சடிக்கும் வித்தையைப் பழகிக்கொண்டு வந்தார். அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் இந்தத் தீவில் இல்லை. நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சரவணையில் புகையிலை செய்து கல்வீடு கட்டினவன். இந்த இளையதம்பி பதப்படுத்திய புகையிலையை ஒரு வியாபாரியும் இன்றுவரை திருப்பி அனுப்பியதில்லை.

யாகப்புவின் வேலை லேசான வேலை இல்லை. மெல்லிய தாளில் கீறிய படத்தைப் பூவரசம் பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோடுகளை மட்டும் விட்டு மற்றதைச் செதுக்கி எடுப்பார். பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகை. சாயத்தோடு அரிசிப் பசை குழைத்துப் பூசி, ஈரக் கடதாசியை மேலே வைத்து, ஓலை சுற்றிய வட்டத் தட்டால் அழுத்தித் தேய்ப்பார். யப்பானில் மூங்கில் மடல் சுற்றுவார்களாம். இவருக்குப் பனங்குருத்துப் போதும். எல்லாப் பலகையிலும் மூலையில் ஒரு வெட்டு உண்டு. கடதாசியின் மூலை அதில் சரியாக இருந்தால் நிறம் கோட்டுக்குள் விழும்.

போன ஆடியில் அதுதான் விழ மறுத்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு கண்காட்சி. அறுபத்துமூன்று வயதில் முதல் தடவையாக அழைப்பிதழில் யாகப்புவின் பெயர். படம், பண்ணைப் பாலத்தால் போகிற சிவப்புப் பஸ். நான் போனபோது யப்பான் கடதாசியில் ஆறே தாள் மிச்சம். பழுதானவை கொடியில் தொங்கின. எல்லாவற்றிலும் பஸ்ஸின் சிவப்பு, பாலத்தை விட்டு விலகிக் கடலுக்குள் நின்றது.

"என்ன காணும், பஸ்ஸைக் குளிக்க விட்டிருக்கிறீர்?"

"பகிடி விடாதேங்கோ அண்ணை. வெட்டும் சரி, பலகையும் சரி. எங்க பிழையெண்டு விளங்கேல்லை."

அவர் மனைவி கத்தரீனா குசினிக்குள் இருந்து குரல் கொடுத்தா. "என்ர அக்காமார் எல்லாருக்கும் அழைப்பிதழ் குடுத்திட்டன். இது சரிவராட்டி அந்தப் பலகையள் அடுப்புக்குத்தான்!"

அச்சுக்கு நனைத்திருந்த ஒரு தாளை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். நடுவில் ஈரம், ஓரம் மொறுமொறு. கடல்பக்க யன்னலால் வறண்ட சோளகக் காற்று அள்ளிக்கொண்டு வந்தது.

"ஒரு நிறம் அடிச்சு மற்ற நிறம் அடிக்க முதல் கடதாசி காய்ஞ்சு சுருங்குது காணும். புகையிலையும் இப்பிடித்தான்."

"யப்பானில இப்பிடி நடக்கேல்லையே அண்ணை."

"அங்க சோளகம் அடிச்சதோ?"

யாகப்பு எழும்பி யன்னலைச் சாத்தினார்.

சாக்கை நனைத்துப் பிழிந்து, புகையிலைக்குச் செய்வதுபோலத் தாள்களை அதற்குள் வைத்து மூடினேன். பரீட்சைக்குச் சிவப்பு அடித்த முதல் தாளில் ஈரம் கூடிவிட்டது. சிவப்பு ஊறிப் பரவியது. "அண்ணை, பஸ் வீங்கிப்போச்சு!" என்று கத்தரீனா சிரித்தா. புதுச் சரக்கின் குணம் பிடிபட எனக்கு ஒரு தாள் போதும். மற்றவர்களுக்கு ஐம்பது வேண்டும்.

பிறகு சாக்கை முழுதாகத் திறக்கவே நான் விடவில்லை. ஒரு தாள் வெளியே வரும், ஒரு நிறம் வாங்கும், திரும்பச் சாக்குக்குள் போகும். மறுநாள் காலையில் தொடங்கி, கோடு, கடல், வானம் எல்லாம் முடித்துப் பின்னேரம் சிவப்புக்கு வந்தோம். யாகப்பு தேய்த்துவிட்டுத் தாளைத் தொடாமல் நின்றார்.

"எனக்கு ஏலாது அண்ணை. நீங்கள் உரிச்சுப் பாருங்கோ."

உரித்தேன். பஸ் பாலத்தில் நின்றது. கத்தரீனா சிலுவை அடையாளம் போட்டா. ஒரு தாள் உரிக்கும்போது கிழிந்தது, நாலு தேறின.

கண்காட்சியில் அந்த வழிப் பஸ் நடத்துனர் ஒருவர் படத்தின் முன் கனநேரம் நின்றார்.

"எல்லாம் அச்சொட்டு ஐயா. ஆனா மிதிபலகையில ஒருத்தரும் தொங்கேல்லையே?"

"அதுக்கு இன்னொரு பலகை வெட்டவேணும் தம்பி," என்றார் யாகப்பு.

அடுத்த நாளே கடதாசி கேட்டு யப்பானுக்கு எழுதிப்போட்டுவிட்டு, உளியைத் தீட்டத் தொடங்கினார்.