மேலேயே தவறிட்டான்

போன வாரம் டீக்கடையில் மெக்கானிக் பாபு செல்போனை என் முன்னால் நீட்டினான்.

"ண்ணா, ரிப்போர்ட் வந்துட்ச்சு. ஸ்டீபன் மேலதான் தப்பாம்."

ஸ்டீபன் எங்கள் செம்பாக்கம் தெருப் பையன். பைலட். ஒரு கம்பெனி முதலாளியின் சின்ன பிளேனை ஓட்டிக்கொண்டிருந்தான். மழைக்காலத்தில் வடக்கே மேகத்துக்குள் புகுந்து, ஒரு மலையில் மோதி விழுந்தது. அவனும், கூடப் போன மேனேஜரும் போய்விட்டார்கள்.

நான் நம்பவில்லை. வேன் ஓட்டுகிறவன் நான். பிரேக் சரியில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் ஓனர் காதில் விழாது. இடித்தால் மட்டும் டிரைவர் தப்பு. அதுவும் செத்த டிரைவர் என்றால்... ரொம்ப வசதி. எதிர்த்துப் பேச மாட்டான் இல்லையா?

"மேகத்துக்குள்ள போகச் சொன்னது யாரு? அதைப் போட்டிருக்கானா?" என்று கேட்டேன்.

"நீ உன் நிழல்கிட்டயே ஐடி கார்டு கேக்குற ஆளுண்ணா! கீழேர்ந்து வேணாம், திரும்புன்னு சொல்லிக்கீறாங்க. வண்டியும் நல்லாத்தான் இருந்துக்குது. இவருதான் கேக்காம உள்ள வுட்டாரு."

படித்துக் காட்டினான். நான் டீயைக் கீழே வைத்தேன்.

ஸ்டீபனின் அம்மா ஜெயமேரி அக்காவிடம் வேறு கதை இருக்கிறது. டிவியில் கீழே ஓடிய ஒரு வரியை அவர் படித்திருக்கிறார்: 'விமானி தவறியதே விபத்துக்குக் காரணம்.'

தவறினான் என்றால் தப்பு செய்தான். ஆனால் ஒருவர் தவறிட்டார் என்று நமக்குப் போன் வந்தால்? உடனே மாலை வாங்கக் கிளம்புகிறோம். அக்கா அந்த அர்த்தத்தை எடுத்துக்கொண்டார். மகனுக்கு வானத்திலேயே நெஞ்சடைத்து உயிர் போய்விட்டது, ஓட்ட ஆளில்லாமல் பிளேன் விழுந்தது — இதைத்தான் சர்ச்சிலும் காய்கறிக் கடையிலும் சொல்லி வருகிறார். யாரும் திருத்தவில்லை. இருந்த ஒரு கிரவுண்டு நிலத்தை விற்றுப் படிக்க வைத்த பிள்ளை. யார் வாயைத் திறப்பது?

ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, அந்த மேனேஜர் சம்சாரம் வருதாம். நீ கொஞ்சம் கூட உட்காரேன். எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

எதற்கு வருகிறார்? கையெழுத்து வாங்கவா? கம்பெனி அனுப்புகிறதா? வக்கீலும் கூட வருவாரோ?

தனியாகத்தான் வந்தார். சின்ன வயசு. தோளில் பெரிய பை. நான் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜிப்பைத் திறந்தார் — நாற்காலியில் நிமிர்ந்தேன். எடுத்தது கைக்குட்டை.

அக்கா ஆரம்பித்துவிட்டார். "என் புள்ள மேலயே தவறிட்டாம்மா. அப்புறந்தான் பிளேன் விழுந்துச்சு. அவன் உசுரோட இருந்திருந்தா உன் வீட்டுக்காரரைப் பத்திரமா இறக்கி விட்டிருப்பான்."

புருஷனைப் பறிகொடுத்த பெண். ரிப்போர்ட் அவருக்கு வந்திருக்காதா? ஒரு வார்த்தை போதும், அக்கா உடைந்துபோவார். அந்த வார்த்தையைச் சொல்ல உலகத்திலேயே அதிக உரிமை உள்ளவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் கைக்குட்டையை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"ஆமாம்மா," என்றார். "தவறிட்டார்."

அவ்வளவுதான். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். போய்விட்டார். எந்த அர்த்தத்தில் சொன்னார்? நானும் யோசித்துப் பார்க்கிறேன்.

கேட்டைச் சாத்திவிட்டு அக்கா என் பக்கம் திரும்பினார்.

"படிச்ச பொண்ணு. ரிப்போர்ட்டு பூராவும் படிச்சிருக்கும்ல?"

"படிச்சிருக்கும்க்கா."

"அதுல வேற ஏதாச்சும் போட்டிருந்தா... சொல்லியிருக்கும்ல தம்பி?"

"சொல்லியிருக்கும்," என்றேன்.

அக்கா என் முகத்தையே பார்த்தார். நம்பாதவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.