கோணல் காலர்

என் அம்மாவுக்கு ஆடை வடிவமைப்பாளர்கள் என்றால் உயிர். அதிலும் விருது வாங்கியவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். சலவைக்கடையின் பின்பக்க அறையில், ஸ்டீம் இஸ்திரிப் பெட்டியின் சீறலுக்கு நடுவே, அடுத்தவர் பேண்ட்டைக் குட்டையாக்குவதும் பல் போன ஜிப்பை மாற்றுவதும்தான் அவள் வேலை. பேச்சைக் கேட்டால் மட்டும் அந்தப் பெரிய மனிதர்களெல்லாம் நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போன மாதிரி இருக்கும்.

"இந்த வருஷம் பரிசு வாங்கினாரே அந்த மொட்டைத் தலை, அவருக்கு இடுப்பு நல்லா வருது. தோள்பட்டைதான் வர மாட்டேங்குது" என்பாள், அவரைத் தூக்கி வளர்த்தவள் போல.

வடிவமைப்பாளர்களுக்கும் மேலே அவள் ஒரு விமர்சகரை வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் எழுதுகிற அம்மையார். கட்டுரைக்கு மேலே வட்டக் கண்ணாடியோடு படம் இருக்கும் என்பதால் எங்கள் வீட்டில் அவருக்குக் கண்ணாடிக்காரி என்று பெயர். அவருக்கும் விருது உண்டு. "குறை சொல்றதுக்கெல்லாமா விருது?" என்று அப்பா ஒரு தடவை கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். கண்ணாடிக்காரி லேசில் யாரையும் பாராட்ட மாட்டார். பெரிய பெரிய தலைகளின் உடையைக்கூட "மடித்து வைத்திருந்தால் அழகாக இருந்திருக்கும்" என்று ஒரே வரியில் கவிழ்த்துவிடுவார். அம்மா அதை உரக்க வாசித்துத் தொடையில் தட்டிச் சிரிப்பாள். பிறகு வெட்டியெடுத்துப் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டுவாள்.

"என்னைக்காவது நான் தைச்சதை அவங்க பார்க்கணும்டி. நல்லதா ஒரு வரி எழுதினா போதும்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். நகைக்கோ வீட்டுக்கோ அவள் அப்படி ஏங்கி நான் பார்த்ததில்லை.

இப்படி இருக்கையில், விருதுக்குப் போகிற ஆள் ஒருத்தி எங்கள் குடும்பத்திலேயே முளைத்தாள். என் சித்தி. அம்மாவின் ஒரே தங்கை.

சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரே மெஷினில்தான் பழகினார்கள். அம்மா தைத்தால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும். சித்தியின் தையல் எங்கே போகிறது என்று சித்திக்கே தெரியாது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு அதையெல்லாம் பிரித்து மறுபடி தைப்பாள். தங்கைக்குக் 'கோணல்' என்று பட்டப்பெயர் வைத்தவளும் அவள்தான். அந்தக் கோணல் என்னவோ படித்து, யார் யாரிடமோ எடுபிடியாக இருந்து, கடைசியில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து, தைக்க நாலைந்து பெண்களை வைத்து, மெஷின் போட்டுவிட்டாள். இந்த வருடம் புதியவர்களுக்கான விருதின் இறுதிச் சுற்றுக்கும் வந்துவிட்டாள். நடுவர்களில் கண்ணாடிக்காரியும் ஒருவர்.

அம்மாவுக்கு வயிறு எரிந்தது. மறைக்கவும் தெரியவில்லை. டிவியில் சித்தியின் பேட்டி வந்தால், அரைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் எழுந்து போய் மிக்ஸியைப் போடுவாள். பக்கத்து வீட்டு அக்கா வந்து, "உங்க தங்கச்சியாமே!" என்று வாயைப் பிளந்தால், "ஆமா, அவளுக்கு பட்டன் தைக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்" என்று முடித்துவிடுவாள். மொட்டைத் தலையை மெச்சத் தெரிந்தவளுக்குத் தங்கையை மெச்ச முடியவில்லை. மொட்டைத் தலை இவளோடு ஒரே போர்வைக்குச் சண்டை போட்டு வளர்ந்தவர் இல்லையே.

போட்டிக்கு முந்தின வாரம் சித்தி ஒரு சாம்பல் நிறக் கோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். மேடையில் கடைசியாக வரப்போகிற உடை.

"அக்கா, காலரை மட்டும் நீ கையால வச்சுக் கொடேன். மெஷின்ல ஓட்டினா துணி இழுத்துக்குது. என் பொண்ணுங்க யாருக்கும் உன் கை வரலை."

நல்ல வார்த்தைதான். ஆனால் அம்மாவின் காதில் 'என் பொண்ணுங்க' மட்டும்தான் விழுந்தது.

"அந்தப் பொண்ணுங்களோட பொண்ணா நானும் ஒருத்தியா?"

"ஐயோ, அப்படியா சொன்னேன்?"

"சரி சரி. வச்சுட்டுப் போ."

மறுநாள் அம்மாவுக்கு விடுமுறை. மத்தியானம் நான் சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மறுமுனையில் அவள் கோட்டை விரித்திருந்தாள். முதுகின் நடுவில் சித்தி சாக்பீஸால் குறி போட்டிருந்தாள். காலரின் நடுவை அந்தக் குறியில் வைத்து, குண்டூசி குத்தி, அம்மா தள்ளி நின்று பார்த்தாள். கச்சிதமாக இருந்தது. எனக்கே தெரிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, காலரை ஒரு விரல் அளவு இடப்பக்கம் நகர்த்தி, தைக்க ஆரம்பித்தாள்.

"அம்மா, நடு அங்க இருக்கு."

"எனக்குக் கண்ணு தெரியும். நீ சாப்பிடு."

"சித்தி அழுவாங்கம்மா."

"அழட்டும். மிச்சத்தைக் கண்ணாடிக்காரி பார்த்துக்குவாங்க."

தையல் ஒவ்வொன்றும் முத்து மாதிரி இருந்தது. காலர் மட்டும் கோணல். சாயங்காலம் சித்தி அவசரமாக வந்து, பையைத் திறந்துகூடப் பார்க்காமல், அம்மாவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு எடுத்துப் போனாள். நானும் வாயைத் திறக்கவில்லை.

போட்டி முடிந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு முன்னால் அம்மா பேப்பரை எடுத்துவிட்டாள். நின்றபடியே உரக்க வாசித்தாள். முதல் பாதியில் மற்றவர்களுக்கு விழுந்த அடியை ரசித்தாள். சித்தியின் பெயர் வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"கடைசியாக வந்த சாம்பல் கோட்டின் காலர் நேராக உட்கார மறுக்கிறது. சண்டையின் நடுவில் எழுந்து போகிற ஒருத்தியின் கழுத்து அது. இந்த மேடையில் நான் நம்பியது அதை மட்டும்தான்."

'சண்டை' என்ற இடத்திலேயே அவள் குரல் இறங்கிவிட்டது.

அப்பா ஒன்றும் புரியாமல், "பாராட்டுறாங்களா, திட்டுறாங்களா?" என்றார்.

"பாராட்டுறாங்க" என்றேன்.

இத்தனை வருடம் அவள் கேட்ட வரி வந்துவிட்டது, தங்கையின் பெயரில். வெட்டியெடுத்தாள். பீரோவில் ஒட்டவும் மனசில்லை, கசக்கி எறியவும் மனசில்லை. அது மெஷினுக்கு அடியில் நாள் கணக்கில் கிடந்தது. கடையில் இஸ்திரிக்காரரிடம், "பேப்பர்ல ஒரு காலரைப் பத்திப் போட்டிருக்கே, அதைத் தைச்சது யார் தெரியுமா?" என்று கேட்டாளாம். அவர் "யாரும்மா?" என்றதும், "யாரோ" என்று சொல்லி நூலைக் கடித்தாளாம். தான் தைத்தது என்று சொன்னால், ஏன் அப்படித் தைத்தாய் என்ற கேள்வி வருமே.

விருது சித்திக்குத்தான். டிவியில் விருது விழா வந்த அன்றைக்கு அம்மா மிக்ஸியைப் போடவில்லை. டிவிக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சித்தி ஆசிரியருக்கு நன்றி சொன்னாள், கூட வேலை செய்கிறவர்களுக்குச் சொன்னாள், துணிக்கடைக்காரருக்கும் சொன்னாள். அத்தோடு இறங்கிவிட்டாள்.

"துணிக்கடைக்காரன்!" என்றாள் அம்மா. இரவு சாப்பிடவில்லை.

இரண்டு நாள் கழித்து சித்தி கேக் பெட்டியோடும் அந்தக் கோட்டோடும் வந்தாள். அம்மா கேக்கைத் தொடவில்லை.

"ஊரெல்லாம் பேசுற காலரு என் கை. மேடையில என் பேரு உன் வாயில வரலையா?"

சித்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சொல்லலாம்னுதான் இருந்தேன்கா. சொன்னா கண்ணாடிக்காரி நேரா உன்கிட்ட வந்து, ஏம்மா அப்படித் தைச்சீங்கன்னு கேட்பாங்க. நீ என்ன சொல்லுவ?"

அம்மாவின் முகம் செத்துப் போனது. "உனக்கு... எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. உன் கை தப்பா வைக்காது. அப்போ வேணும்னு வச்சதுதானே? அழுதேன். பிரிக்கணும்னு கத்தரியைக் கையில எடுத்துட்டேன். சரி, ஒரு தடவை மாட்டிப் பார்ப்போம்னு மேடையில போட்டுக்கிட்டு நடக்கப்போற பொண்ணுக்கு மாட்டினேன். அவ திரும்பினா பாரு." சித்தி தன் கழுத்தைத் தொட்டுக்கொண்டாள். "கத்தரியைக் கீழ வச்சுட்டேன்."

அம்மா கேக் பெட்டியை மேசை ஓரத்துக்குத் தள்ளினாள். பேசினபோது குரலில் சண்டை இல்லை.

"நானும் அதை எடுத்துப் பிடிச்சுப் பார்த்தேன்டி. எனக்குக் கோணலாத்தான் தெரிஞ்சது."

 அந்த நிமிஷம் அம்மா தங்கையைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. டிவிக்கும் பேட்டிக்கும் பட்ட பொறாமையெல்லாம் சும்மா. இப்போதுதான் நிஜமான பொறாமை வந்து உட்கார்ந்திருந்தது.

"கடைக்காரங்க இதே கோட்டைக் கேட்கிறாங்க" என்றாள் சித்தி மெதுவாக. "என் பொண்ணுங்க தைச்சா வெறும் தப்பாத் தெரியுது. நீதான்கா வச்சுக் கொடுக்கணும். உன் பேரைப் போட்டே விற்கிறேன்."

"அதே மாதிரியா?"

"அதே மாதிரி."

"அன்னைக்கு எனக்கு உன்மேல அவ்வளவு எரிச்சல் இருந்துச்சு."

"இன்னைக்கு?"

அம்மா கோட்டை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, காலரை விரலால் நீவிப் பார்த்தாள்.

"துணியைக் கொண்டு வா" என்றாள். "கோணலா வரும்."