கட் பண்ணினால் மாத்திரை இறங்காது

போனில் வரும் அழைப்பைத் துண்டித்தாலே மாத்திரை போட்டதாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். சிரிப்பதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள். நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துபவன் நான். சரக்கை இறக்கியதும் டிரைவர் ஒரு ரிங் விடுவார். நான் எடுக்காமல் கட் பண்ணுவேன். சரக்கு சேர்ந்துவிட்டது என்று அவர் சொல்வதும், சரி என்று நான் சொல்வதும் அதிலேயே முடிந்துவிடும். பல வருடப் பழக்கம். விரல் என்னைக் கேட்பதில்லை.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்தபின், ரத்தம் உறையாமலிருக்கக் காலையும் மாலையும் மாத்திரை. விட்டால் வைத்த இடத்திலேயே அடைத்துக்கொள்ளும் என்று அஸ்தம்பட்டி ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். காலை மாத்திரை மனைவி பொறுப்பு. இட்லித் தட்டோடு வந்துவிடும். மாலை மாத்திரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து பதிவு செய்த குரல் போனில் கூப்பிடும். போட்டுவிட்டால் ஒன்றை அழுத்த வேண்டும். அது கூப்பிடுவது, ஆபீசில் ஆளாளுக்கு லோடு கேட்டு நிற்கிற நேரம். கட் பண்ணுவேன். உடனே ஒரு வேலை முடிந்த நிம்மதி வரும். மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்றுகூட நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் மனைவி போனில் வந்தாள்.

“ஏனுங்க, நர்சம்மா பேசுனாங்க. சாயங்கால மாத்திரையை நீங்க போடறதே இல்லையாமா?”

“அதெப்படி? தெனமும் கட் பண்றனே.”

“எதைக் கட் பண்றீங்க?”

மேசை இழுப்பறையைத் திறந்தேன். மாலைக்கென்று ஆபீசில் வைத்திருந்த மாத்திரை அட்டை கடையில் வாங்கியபடியே கிடந்தது.

அதைப் பார்த்த நொடியில் நெஞ்சைப் பிடித்தது. அதுவரை வடையும் டீயும் கேட்டுக்கொண்டிருந்த அதே நெஞ்சுதான். இடது கை மரத்தது. துணைக்கு வலது கையும் மரத்தது. மனைவி காரை எடுத்துக்கொண்டு வந்து என்னை ஏற்றிக்கொண்டாள். அஸ்தம்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ராசிபுரம் பக்கம் என் உயிலைத் தொடங்கினேன்.

“எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா, அந்தப் பழைய லாரிய வித்துப்போடு சாமி.”

“அதை நீங்க இருக்கறப்பவே வித்திருக்கலாமுங்க. பேசாம உக்காருங்க.”

குரல்தான் திடமாக இருந்தது. காலி ரோட்டிலும் ஹாரனை அடித்துக்கொண்டே ஓட்டினாள். தகவல் வந்தால் சரக்கும் சேர்ந்துவிட்டது என்பது என் தொழில் கணக்கு. அதையே உடம்புக்கும் போட்டிருக்கிறேன். நான் தகவலை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டிருந்த நாட்களில், இவளும் அந்தச் சின்ன மாத்திரையை நம்பித்தான் நிம்மதியாக இருந்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், காத்திருக்க வைத்தார்கள். டாக்டர் வந்து, வலி பயத்தில் வந்தது என்றார். இத்தனை நாள் விட்டும் ஸ்டென்ட் அடைபடவில்லை; எல்லாருக்கும் இப்படி அமையாது என்றார். அன்றைய மாலை மாத்திரையை நர்ஸ் கொடுத்தார். மனைவி பார்த்துக்கொண்டிருக்க விழுங்கினேன்.