கோயில் பக்கம் போன குழாய்

சூளகிரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் தண்ணீருக்கு மூன்று பெயர். தமிழில் தண்ணி, தெலுங்கில் நீள்ளு, கன்னடத்தில் நீரு. எதில் கேட்டாலும் எல்லோருக்கும் புரியும். காலனிக்காரர் கையால் மோந்து கொடுத்தால் மட்டும் மூன்று மொழிக்காரரும் குடிக்கமாட்டார்கள். அந்த விஷயத்தில் அப்படி ஓர் ஒற்றுமை.

நாங்கள் காலனி. எங்கள் சித்தப்பா மஸ்கட்டில் பல வருஷம் வெல்டராக இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது எனக்கு எட்டு வயதிருக்கும். ஓசூரில் கம்பெனி மேல் கம்பெனியாக வந்துகொண்டிருந்த காலம். எந்தக் கம்பெனியிலும் அவருக்கு வேலை கிடைத்திருக்கும். மனுஷன் கேட்டால்தானே. அந்தக் கோடையில் ஊர்க் கிணறு, காலனிக் கிணறு இரண்டும் வற்றிக் கிடந்தன. சம்பாதித்ததைப் போட்டு எல்லோருக்கும் போர் போடப் போகிறேன் என்றார். அம்மாவுக்கு வயிறு எரிந்தது.

"மொதல்ல நம்ம கூரையப் பாருங்க. ஊருக்குச் செய்யறாராம், ஊருக்கு" என்று பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

சித்தப்பாவுக்கு ஒரே ஆசைதான். ஊரும் காலனியும் ஒரே இடத்தில் குடம் வைக்க வேண்டும். நீரோட்டம் பார்க்க வந்தவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு ஊர் முழுக்க நடந்தார். அது எழுந்து நின்றது எங்கள் காலனி முகப்பில். அங்கேயே போர் போட்டார்கள். தண்ணீர் பீய்ச்சியபோது ஊரே வந்து நின்று பார்த்தது. மோட்டார் வைத்து, தொட்டியும் கட்டியாயிற்று.

ஊரிலிருந்து ஒரு குடம் வரவில்லை. அந்தப் பெண்கள் எங்கள் தொட்டியைத் தாண்டி, ஏரிக்கு அப்பால் இருந்த தோட்டத்துக் கிணற்றுக்கு நடந்தார்கள். சித்தப்பா தினமும் காலையில் தொட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டுக் காத்திருந்தார். அழுக்கென்று நினைக்கிறார்களோ என்று அவருக்குச் சந்தேகமாம்.

பிறகு ஊர்ப் பெரியதனக்காரர் ஆள் விட்டுக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். மஸ்கட் போவதற்கு முன் 'டேய்' என்று கூப்பிட்டவர் இப்போது 'தம்பி' என்றார்.

"தம்பி, அங்கருந்து ஒரு பைப்பு இழுத்து கோயில் பக்கம் விட்டுடு. பொம்பளைங்க அவ்ளோ தூரம் நடக்கறாங்க, பாவம். பூமிக்குள்ள வந்துட்டா ஒண்ணுமில்ல."

அதே போர், அதே தண்ணீர். மண்ணுக்குள் கொஞ்ச தூரம் போனால் தீட்டு கழிந்துவிடுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. இன்றைக்கு நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. சித்தப்பா சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை.

"ஒரே தண்ணியக் குடிச்சிக்கினு இருந்தா என்னைக்காவது மனசு மாறும் அண்ணி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, பைப் வாங்க ஓசூருக்கு பஸ் ஏறினார்.

குழாய் திறந்த அன்று கோயிலுக்கு எதிரே பந்தல் போட்டிருந்தார்கள். பெரியதனக்காரர் நாலு வார்த்தை புகழ்ந்து பேசினார். சித்தப்பாவுக்கு ஒரு துண்டும் கொடுத்தார். தோளில் போர்த்தாமல் கையில் நீட்டினார், இவர் வாங்கிக்கொண்டார். நல்ல வெயில். ஊர்ப் பிள்ளைகள் முட்டிமோதிக்கொண்டு குழாயில் குடித்தார்கள். அவர்கள் விலகியதும் சித்தப்பாவும் குனிந்து கையை ஏந்தினார். பெரியதனக்காரர் மெதுவாகக் குழாயை மூடினார்.

"உங்களுக்குத்தான் அங்க இருக்குதே, தம்பி" என்றார். குரலில் கோபமே இல்லை.

ஏந்திய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு என்னைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். எனக்கானால் பெருமை தாங்கவில்லை. ஊருக்கே தண்ணீர் கொடுத்தவர் எங்கள் சித்தப்பா.

"ஏன் சித்தப்பா பேசமாட்டேங்கறீங்க?" என்றேன்.

"தாகமா இருக்குது பாப்பா."

அவ்வளவுதானா என்று ஓடிப்போய் ஒரு சொம்பு நிறைய மோந்து வந்து கொடுத்தேன். வாசலில் நின்றபடியே அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். பாதி தொண்டையில் இறங்கவில்லை. கழுத்து வழியாக வழிந்து சட்டையெல்லாம் நனைந்தது. முகத்தை அந்தப் புதுத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின.

ஒரு மனுஷனுக்கு இவ்வளவு தாகம் எடுக்குமா என்று நினைத்துக்கொண்டு, இன்னொரு சொம்பு கொண்டுவர நான் ஓடினேன்.