ருக்குமணி அக்காவும் கடைசிக் குடமும்

திங்கட்கிழமை காலை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். ருக்குமணி அக்கா விடியும்போது போய்விட்டார் என்று மேஸ்திரி வந்து சொன்னார். ஈரத்துணியைக் குவியலாக விட்டால் கறை பிடித்துவிடும். அதனால் கையிலிருந்தது முடியும்வரை யாரும் நிறுத்தவில்லை. அழுததுகூட வேலை செய்துகொண்டேதான்.

வேலம்பாளையத்தில் பனியன் துணி வெளுக்கும் எங்கள் பட்டறையில் அவரோடு இருந்த நீங்கள்தான் இதைக் கேட்கப்போகிறீர்கள். நான் ஏழாவதோடு நின்றவள். படிப்பகத்து அண்ணன் இரங்கல் கூட்டத்தில் எனக்காக வாசிப்பதாகச் சொன்னதால் எழுதுகிறேன்.

கொதிக்கும் தொட்டியிலிருந்து துணியை எடுத்துக் கிணற்றுத் தண்ணீரில் அலசுவது பல வருஷமாக அக்காவின் வேலை. கை வேகும், விறைக்கும், மறுபடி வேகும். மதியச் சோற்றுக்குப் பிறகு, படிப்பகத்திலிருந்து தன் தம்பி கொண்டுவரும் பழைய வார இதழை எங்களுக்கு வாசிப்பார். மனிதன் நிலாவுக்குப் போய்வந்த சமயம் அது. இதழ் முழுக்க வானத்துச் செய்திதான். சூரியனைச் சுற்றிவரும் சின்னக் கற்களைப் பற்றி ஒருநாள் வாசித்தார். வெயில் படும் பக்கம் காய்கிறது, நிழல் பக்கம் உறைகிறது. கல் உருண்டுகொண்டே இருப்பதால் சூடும் குளிரும் மாறி மாறி ஏறுகின்றன. உள்ளே மயிரிழையாக விரிசல் விட்டு, வெகுகாலம் கழித்து உதிர்ந்துபோகுமாம்.

“அப்ப அதுக்கும் நம்ம பட்டறையிலதான் வேலைன்னு சொல்லு” என்றார் சரசக்கா. ருக்குமணி அக்கா இருமல் வரும்வரை சிரித்தார்.

பட்டறை வாசலில் இருந்த கருங்கல்லை உங்களுக்குத் தெரியும். வானத்திலிருந்து விழுந்தது என்பார்கள். தினமும் முதல் குடம் தண்ணீர் அதற்குத்தான். இருப்பவர்களில் சிறியவள் ஊற்ற வேண்டும்; அப்போது அது நான். அந்தச் சித்திரையில் ஒருநாள் மோட்டார் பழுதாகி, உச்சிவெயிலில்தான் தண்ணீர் வந்தது. மேஸ்திரி சொன்னார், ஊற்றினேன். கல் இரண்டாகப் பிளந்தது.

தீட்டோடு தொட்டுவிட்டேன் என்றார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் மேஸ்திரி. அப்பா படுக்கையில் இருந்தார். என் கூலியில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சரசக்கா வந்து சொன்னார். ருக்குமணி அக்கா ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துவந்து, சாப்பாட்டு நேரத்தில் தொட்டி அடுப்பில் காயவைத்துத் தண்ணீர் ஊற்றினாராம். கல் அப்படியே இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளும் ஊற்றினார். சாமிக் குத்தத்துக்கு ஆற்றங்கல் சாட்சி சொல்லுமா என்று கேலி பேசினார்கள். அக்கா பாதி நாள் சோறுகூடத் தின்னாமல், ஊற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு மதியம் அது பிளந்தது. அதை மேஸ்திரி முன் வைத்துச் சொன்னாராம்:

“ஒரு நாள்ல ஒடையறதில்லீங்க. உள்ளுக்குள்ள எப்பவோ விரிசல் விட்டிருக்குமுங்க. கடைசிக் குடம் அந்தப் புள்ளை கையில இருந்துச்சு, அவ்வளவுதானுங்க.”

மேஸ்திரி பிளந்த கல்லைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, என்னை வரச் சொல்லி ஆளனுப்பினார். நான் திரும்பிப் போன அன்று அக்கா “வா அம்மிணி, இந்த முனையைப் புடி” என்று ஈரத்துணியை நீட்டினார். இருவரும் முறுக்கிப் பிழிந்தோம்.

இப்போது எல்லோரும் ஒன்றையே சொல்கிறீர்கள். சனிக்கிழமை மழையில் நனையாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று. எடுத்துப்போகும்போது மேஸ்திரியும் அதையே சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு பேச்சுதான். அதை நேரில் சொல்ல எனக்கு இன்னும் வாய் வராது. அண்ணன் வாசிக்கட்டும்.

சனிக்கிழமை மழை கடைசிக் குடம்தானுங்க, மேஸ்திரி.